18 பவுண்டு காற்று

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, நாற்பது வருஷம் திருநெல்வேலியில் லாரி ஓட்டியவர். பிரிஸ்பேனுக்கு மூன்று மாதம் வந்திருந்தவரைக் கரி தீவுக்கு அழைத்துப்போனோம். ஃப்ரேசர் தீவு என்றால்தான் பலருக்குத் தெரியும். 2023-ல்தான் அங்கத்துப் பூர்வகுடிகளான பட்சுலா மக்களின் பழைய பெயர் அதிகாரப்பூர்வமாகத் திரும்பியது. "கரியா? மணலு உப்பு மாதிரில்லா கெடக்கு" என்றார் மாமா.

படகேறும் இன்ஸ்கிப் முனையிலேயே தகராறு. மணலில் ஓட்டுவதற்காக என் கணவர் டயரில் காற்றை இறக்க உட்கார்ந்தார்.

"என்னலே பண்ணுத? காத்த எறக்குனா டயரு கிழிஞ்சிரும்லா!"

அப்பா சொல்லைத் தட்ட மனமில்லாமல் 26 பவுண்டில் நிறுத்திவிட்டார். ஐம்பதடிகூடப் போகவில்லை. வண்டி அச்சுவரை புதைந்தது. பின்னால் நாலு வண்டி. மண்வெட்டியும் நானும் இறங்கினோம். அப்புறம் 18-க்கு இறக்கியதும், சிணுங்காமல் மேலே வந்துவிட்டது. மாமா குனிந்து டயரைப் பார்த்தார். பக்கவாட்டில் பிதுங்கி, நீளவாக்கில் மணலை அணைத்துப் படுத்திருந்தது. "ஒட்டகத்துக் காலுலே இது" என்றார். அதோடு சமாதானம்.

அந்தப் பக்கம் கடற்கரைதான் நெடுஞ்சாலை. 80 கிலோமீட்டர் வேக வரம்புகூட உண்டு. ஓதம் ஏறும் நேரத்தில் மட்டும் ஓட்டக்கூடாது. வழியில் துருப்பிடித்துக் கிடக்கும் மஹேனோ கப்பல். 1935-ல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துப் போனபோது புயலில் கரை ஒதுங்கியதாம். பிள்ளைகள் படம் எடுத்தார்கள். மாமா இரும்பின் கனத்தைக் கணக்குப் போட்டார்.

பிள்ளைகள் இருப்பதால் டண்டுபராவில், டிங்கோ என்ற காட்டு நாய் வராமல் வேலி போட்ட இடத்தில்தான் கூடாரம் அடித்தோம். சாப்பாட்டுப் பொருள் எல்லாம் வண்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். சரி என்று பூட்டினேன். மாமா தலைமாட்டில் பழைய சோற்றுக்கென்று ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு ஒளித்து வைத்திருப்பது யாருக்குத் தெரியும்? மூத்தவள் மூக்கைச் சுளித்துக் காட்டிக்கொடுத்தாள். இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய் வண்டியில் வைத்துப் பூட்டினேன். காலையில் வேலிக்கு வெளியே கால் தடங்கள். மாமா பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

திரும்பி இன்ஸ்கிப்பில் இறங்கியதும், கம்ப்ரசரை அவரே வாங்கிக்கொண்டார். நாலு டயருக்கும் அவர்தான் காற்று பிடித்தார். என் கணவரைக் கிட்டே விடவில்லை.