பகலில் பரி, இரவில் நரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்ட கறிக்குழம்பு கண்ணைச் சொருக வைத்த நேரம் பார்த்து, மகள் செல்போனோடு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பத்தே கேள்வி. உங்க குணத்துக்கு நீங்க எந்தக் குதிரைன்னு சொல்லிரும்."

செல்லூரில் குடியிருப்பவனுக்கு வருஷத்துக்கு ஒரு குதிரைதான் தெரியும். சித்திரையில் அழகர் ஏறி வருகிற தங்கக் குதிரை. இருந்தாலும் பதில் சொன்னேன். "காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு "ஓடுவேன்" என்றேன். பால் பாக்கெட் வாங்க நடப்பதையும் ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அரபுக் குதிரை என்று வந்தது! பாலைவனத்தில் சளைக்காமல் ஓடும், வாலைத் தூக்கிக் கம்பீரமாக நிற்கும், அறிவுள்ளது என்றெல்லாம் போட்டிருந்தது. நானும் தேடிப் படித்தேன். பெரும்பாலான குதிரைகளுக்கு விலா எலும்பு 18 ஜோடி. அரபுக் குதிரைகள் சிலவற்றுக்கு 17தானாம். எனக்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்க வழியில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் விலா எலும்பு வெளியே தெரிந்ததே கிடையாது.

மகளுக்கு மார்வாரி. ராஜஸ்தான் குதிரை. இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும். பொருத்தம்தான். எந்த விஷயத்தையும் காதும் காதும் வைத்த மாதிரி முடிப்பவள் அவள். மகனுக்குப் பந்தயக் குதிரையான தரோபிரெட். எட்டே முக்காலுக்கு எழுந்து ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிப்பவன், வேறு என்ன வரும்? அம்மாவுக்கு ஷெட்லாண்டு. உயரம் 42 அங்குலத்தைத் தாண்டாத மட்டக்குதிரை. ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுத்த இனம், பிடிவாதமும் அதிகம். ஐந்தடிக்கும் குறைவான என் அம்மா, அரிசி மூட்டையைத் தானே நகர்த்திவிட்டுத்தான் எங்களைத் திட்டுவார்.

வில்லங்கம் மனைவியிடம் வந்தது. கிளைட்ஸ்டேல். ஸ்காட்லாந்தில் ஏர் உழுது பாரம் இழுத்த பெரிய குதிரை, ஒரு டன் எடைகூட இருக்கும்.

"பாரம் இழுக்கிறவன்னு சொல்ல ஒரு பரீட்சையா? இருபது வருஷமா அதைத்தானே செய்யறேன்" என்றாள். படத்தைப் பெரிதாக்கி அந்தக் குதிரையின் காலைப் பார்த்தவள், அப்புறம் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. காலைக் காட்டியது மகள், தண்டனை எனக்கு.

நான் விடவில்லை. பாண்டிய ராஜாக்கள் கடல் தாண்டி வரவழைத்ததே என் அரபுக் குதிரையைத்தான் என்று பெருமையடித்தேன்.

"வரவழைச்சு என்ன செஞ்சாங்க?" என்றான் மகன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: வருஷத்துக்கு 2000க்கு மேல் வாங்குவார்களாம், வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரியவில்லை, சோற்றோடு கறியை வேகவைத்துப் போட்டார்களாம். குதிரைக்கே பிரியாணி போட்ட ஊர்!

அம்மா வெற்றிலையை மடித்தபடி முடித்து வைத்தார். "மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்துல திருப்பெருந்துறையில கோயில் கட்டிட்டாரு. சாமி நரியைப் பரியாக்கி ஓட்டிட்டு வந்துச்சு. பகல்ல எல்லாம் நல்ல குதிரைதான். ராத்திரி லாயத்துல ஒரே ஊளை. இவன் அந்தக் குதிரைடா."

மனைவி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒத்தக்கடையில் மச்சான் மகன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வந்திருந்தது. மாப்பிள்ளை வர நேரமிருந்தது. ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்று ஏறினேன். ஏற்றிவிட இரண்டு பேர், தாங்கிப் பிடிக்க ஒருவர்.

"அண்ணே, லகானைச் சும்மா புடிங்க, இழுத்துராதீங்க" என்றார் குதிரைக்காரர்.

நான் இழுக்கவேயில்லை. பேண்டு செட்டுப் பையன் சோதித்துப் பார்க்க டிரம்மை இரண்டு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆடிப் பழகிய குதிரை. முன்காலைத் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டது. நான் லகானை விட்டுவிட்டுப் பிடரிமயிரை இரண்டு கையாலும் பிடித்து, அதன் கழுத்தோடு கழுத்தாகப் படுத்து, "அழகரே!" என்று அலறினேன். பையனோ எனக்கு உற்சாகம் என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தான். மாமனார் வீட்டுச் சனம் மொத்தமும் வீடியோ எடுத்தது. மச்சான் மட்டும் "மாப்ள, நேரா உக்காருங்க, படம் ஆடுது" என்றார்.

இறக்கிவிட்ட பிறகு குதிரைக்காரர் ஆறுதலாகக் கேட்டார்: "முன்னாடி ஏறிப் பழக்கமுண்டா?"

"அவரே அரபுக் குதிரைண்ணே" என்றாள் மகள்.

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குதிரைக்குக் கொள்ளு வைக்கப் போய்விட்டார்.

அன்று இரவு மண்டப மாடியில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுத்தோம். காலையில் காப்பியோடு உட்கார்ந்தால் குடும்பக் குரூப்பில் புதிதாக ஓர் ஆடியோ. நாற்பது வினாடி. இருட்டில் யாரோ மெல்ல ஊளையிட ஆரம்பித்து, உச்சிக்குப் போய், விசிலடித்து இறங்குகிற சத்தம். அனுப்பியவள் என் மனைவி. கீழே ஒரே வரி:

"லாயத்திலிருந்து நேரலை."