பலகை போட்டதுக்கப்புறம்

பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு வீடா போய் பிசியோ பாக்கற வேலை எனக்கு, படுத்த படுக்கையா இருக்கறவங்கள வீட்டுக்கே போய் பாக்கற பாலியேட்டிவ் வண்டியில சிஸ்டர் கூட தொத்திக்குவேன். இங்க தென்னையும் கள்ளும்தான் பொழப்பு, அதனால மரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாம போனவங்க ஒருத்தராவது என் லிஸ்ட்ல இருப்பாங்க. அதுல ஒரு அண்ணன் கள்ளு எறக்கிட்டு இருந்தவரு. மரமேறிப் பழகின கை, தண்ணி ரொப்பின பாட்டில குடுத்தா சும்மா வெளையாட்டா தூக்குவாரு, நானும் இத்தனை தடவை இத்தனை செட்டுன்னு நோட்டுல எழுதிட்டு திருப்தியா வந்துருவேன்.

ஒரு நாள் அவரு சம்சாரம் இடுப்பப் புடிச்சிட்டு நின்னாங்க. தினம் அரை மணி நேரம் நடங்கக்கான்னு வாய் தன்னால சொல்லிருச்சு. (உலக சுகாதார நிறுவனம் 2020ல குடுத்த கணக்குல மாற்றுத்திறனாளிங்களுக்கும் வாரம் 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு இருக்கு, அது மண்டையில ஓடிட்டே இருக்கும்.) அக்கா சிரிச்சிட்டாங்க. "நான் எங்கீங்க சார் உக்கார்றேன், எந்திரிச்சு நடக்கறதுக்கு?"

படுக்கைப்புண் வராம இருக்க ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவர பொரட்டிப் போடணும், காலைல கட்டில்ல இருந்து சேருக்குத் தூக்கணும், நடுவுல எருமை ரெண்டு. சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறது ஒண்ணுதான் தனியா போறது, அதுவும் ஓடிப் போய் ஓடி வரணும். குனிஞ்சு திருகி ஒரு ஆள் பாரத்த இழுக்கறது எக்சர்சைஸ் இல்ல, வெறும் தேய்மானம்.

வண்டியில திரும்பறப்ப சிஸ்டர் கேட்டாங்க, அவ்வளவு கை பலம் இருக்கறவர ஏன் இன்னும் அந்தக்கா தூக்கறாங்கன்னு. எனக்கு பதில் இல்ல. படுக்கையில இருக்கறவங்கள பாத்துக்கறவங்களுக்கு உதவித்தொகை குடுக்கற கேரள அரசோட ஆஸ்வாசகிரணம் திட்டத்துக்கு பேப்பர் எழுதிக் குடுத்ததும் சிஸ்டர்தான், நான் அதைக்கூட யோசிக்கல.

ஏன்னு அடுத்த தடவை போய் பாத்தா மொத தப்பு வீல்சேர்லயே. எங்கயோ கேம்ப்ல குடுத்தது, கை வெக்கற கம்பி ரெண்டும் பத்த வெச்சது, கழட்டவே முடியாது, அப்புறம் பக்கவாட்டுல எப்படி நகர்றது? வெல்டிங் பட்டறைல ஒரு பக்கத்த அறுத்து பின்னு போட்டு கழட்டி மாட்டற மாதிரி பண்ணோம். கட்டிலுக்கும் சேருக்கும் நடுவுல பாலம் மாதிரி போட ஆசாரி ரெண்டரை அடி பலகை ஒண்ண இழைச்சுக் குடுத்தாரு, முனை எங்கயும் குத்தாம. பிரேக்க போடு, பலகைய தொடைக்கு அடியில சொருகு, முன்னாடி சாஞ்சு கைய ஊனி எம்பு, கொஞ்சம் கொஞ்சமா நகரு, தேய்ச்சு இழுக்காதே, உணர்ச்சி இல்லாத தோலு கிழிஞ்சாலும் தெரியாது. தென்னை உச்சில பயப்படாத மனுசன் ரெண்டடி உயரத்துக்கு வேர்த்து ஊத்திட்டாரு. தோள்பட்டை போயிருச்சுன்னா எல்லாம் போச்சு, அதனால பாட்டில் தூக்கறத பாதியாக்கி, ஜன்னல் கம்பில சைக்கிள் டியூப் கட்டி பின்னாடி இழுக்க விட்டேன்.

மூணு வாரத்துல கட்டில்ல இருந்து சேருக்குத் தனியாவே மாறிட்டாரு. ராத்திரி பொரட்டறது இன்னும் அக்காதான், கட்டில் ஓரம் கட்டின கயிறப் புடிச்சு இவரு பாதி திரும்பறாரு. நோட்டுல இப்ப செட்டு கணக்கோட அக்கா சொசைட்டிக்கு எத்தனை மணிக்குப் போனாங்க, எப்ப வந்தாங்கன்னும் எழுதறேன்.

போன வாரம் போனப்ப அண்ணன் மட்டும் சேர்ல உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருந்தாரு. அக்கா எங்கங்கண்ணான்னு கேட்டேன்.

"பால் ஊத்தப் போயி ஒன்ற மணி நேரமாச்சுங்க சார்," கண்ணத் தொடச்சிட்டே சலிச்சுக்கிட்டாரு, "எங்க நின்னு கதை பேசிட்டு இருக்கறாளோ."