கோடை வாசிப்பு: பிடித்தவையும் பிடிக்காதவையும்

ஏப்ரல் 14

இந்தக் கோடைக்கு ஏழு தமிழ் நாவல்கள். ஜூன் நடுவுக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறு காலமாகவோ வேறு ஊராகவோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ‘பொன்னியின் செல்வன்’ பட்டியலில் இல்லை. ஐந்து பாகம், அதை எடுத்தால் கோடை முழுக்க அதுதான்.

மொத்தப் பக்கங்களைக் கூட்டி நாட்களால் வகுப்பது வழக்கம். அந்தக் கணக்கு பாதியிலேயே உடைந்துவிடும். கல்கியை மணிக்கு 40 பக்கம் படிப்பவருக்கு ப. சிங்காரம் 15 பக்கம் நகர்ந்தாலே பெரிது. ஒவ்வொரு நூலிலும் முதல் அத்தியாயத்தை அளக்காமல் விடுங்கள். பெயர்களும் உறவுகளும் பழகாததால் அங்கே வேகம் குறைவாகத்தான் இருக்கும். இரண்டாம் அத்தியாயத்தில் கடிகாரம் பார்த்து, அந்த வேகத்துக்கு நாள் ஒதுக்குங்கள்.

ஏப்ரல் 19

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, 1959. நூறு பக்கம்கூட இல்லை என்பதால் பலர் இதை ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். கதை ஒரு ஜல்லிக்கட்டுப் பிற்பகலுக்குள் முடிகிறது. ஆனால் பேச்செல்லாம் மதுரைப் பக்கத்து வழக்கு; யார் பேசுகிறார்கள் என்று பல இடங்களில் குறிப்பும் இருக்காது. வாய்விட்டுப் படித்தால் காளை அடக்க வந்த பிச்சியின் குரலும் அவனோடு பேசும் கிழவரின் குரலும் தாமாகவே பிரிந்துவிடும்.

கிழவர் ஒவ்வொரு காளையைப் பற்றியும் சொல்லும் தகவலைத் தாண்டிப் போகாதீர்கள். பிச்சி அடக்க வந்த காரிக் காளை வெளியே வரும்போது நமக்கு நெஞ்சு அடைப்பது அந்தப் பேச்சால்தான். இரண்டு நாளாகப் பிரிக்கவும் வேண்டாம்.

ஏப்ரல் 30

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879. தமிழின் முதல் நாவல் என்ற மதிப்பு அதற்கு எப்போதும் உண்டு. இந்தப் பட்டியலில் மிகக் குறைவாகப் பிடித்ததும் அதுவே.

சிக்கல் பழைய நடையில் இல்லை. நாலைந்து அத்தியாயத்தில் அது பழகிவிடும். ஒரு நிகழ்ச்சி சூடு பிடிக்கும் நேரத்தில் கிளைக்கதை ஒன்று நுழைகிறது, அதன் பின்னால் நீதியும் வருகிறது. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் பகுதி நல்ல கற்பனை. அங்கேயும் அவள் பயப்படுவதையும் தடுமாறுவதையும் காட்டாமல் பிரசங்கத்துக்குப் போய்விடுகிறார் ஆசிரியர். நாளுக்கு இரண்டு அத்தியாயம், கூடவே வேறொரு நூல் என்று வைத்துக்கொண்டால் முடிக்கலாம். தொடர்ந்து படித்தால் பாதியில் கைவிட நேரும்.

மே 6

பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. வேதநாயகம் பிள்ளையை முடித்த கையோடு இதை எடுப்பது பெரிய லாபம். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் உரைநடை எவ்வளவு தூரம் வந்துவிட்டது! சிறுகுளம் கிராமத்து வம்புப் பேச்சும், தமிழாசிரியர் அம்மையப்ப பிள்ளையின் புலமையும் இன்றைக்கும் சிரிக்க வைக்கின்றன. மனிதர்கள் தங்கள் குரலில் பேசுகிறார்கள்.

பின்பாதி வேதாந்தத்துக்குத் திரும்புகிறது. அங்கே வேகம் பாதியாகக் குறையும், அதற்கேற்ப நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். முன்பாதிக்காக மட்டுமே இதை எத்தனை பேருக்கும் பரிந்துரைப்பேன்.

மே 15

சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, 1969. இந்தக் கோடையின் ஆகச் சிறந்த நூல்.

வெளிநாட்டில் பொருள் சேர்த்துத் திரும்பிய சிதம்பரம் காவிரிப் பக்கத்தில் ஒரு வனத்தை வாங்கி, அழித்து, சர்க்கரை ஆலை கட்டுகிறான். கதை அவ்வளவுதான். கொடிகளை எங்கிருந்து அறுப்பது, வெட்ட வெட்ட வனம் எப்படித் தடுக்கிறது, அரிவாளை விட்டு நெருப்புக்கு ஏன் போகிறான் என்று வேலையின் ஒவ்வொரு படியும் வருகிறது. ஆசிரியர் வனத்துக்காக அழுவதுமில்லை, சிதம்பரத்தைத் திட்டுவதுமில்லை. உழைப்பவனின் பிடிவாதத்தோடு நாமும் சேர்ந்துகொள்கிறோம்; எரிந்து முடிந்த பிறகுதான் எதற்குத் துணைபோனோம் என்பது உறைக்கிறது.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று முதல் ஐம்பது பக்கத்தில் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். மனிதர்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வனத்தையும் ஒரு பாத்திரமாக வைத்துப் படியுங்கள். எரிப்புப் பகுதியை ஒரே அமர்வில் முடிக்க நேரம் ஒதுக்குவது அவசியம். ஊரில் புளி எங்கிருந்து வந்தது என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே 27

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, 1972. வரைபடம் இல்லாமல் தொடங்க வேண்டாம். மலாக்கா நீரிணையின் ஒரு பக்கம் சுமத்ராவில் மெடான், மறுபக்கம் பினாங்கு. இரண்டையும் ஒரு தாளில் குறித்துவைத்தால் கதாநாயகன் பாண்டியன் எங்கே நிற்கிறான் என்ற குழப்பம் போய்விடும். இரண்டாம் உலகப் போர், ஜப்பானிய ஆட்சி, இந்திய தேசிய ராணுவம், செட்டியார்களின் வட்டிக்கடைகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன.

மலாய்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் நிற்காதீர்கள். பெரும்பாலானவற்றின் பொருள் இரண்டு வரிக்குள் பிடிபடும். பாண்டியனின் சொந்த ஊரான சின்னமங்கலமும் மதுரையும் நினைவில் எழும் பக்கங்களில் காலம் அறிவிப்பில்லாமல் பின்னே போகும். அங்கே மெதுவாகப் படித்தால் போதும். நாளுக்கு 20 பக்கத்துக்கு மேல் வைத்தால் சலிப்பு வரும், அந்தப் பழி நூலின் மேல் விழும்.

ஜூன் 3

கல்கியின் ‘பார்த்திபன் கனவு’. வேகமாகப் போகிறது, அதைத் தாண்டி எதுவும் தங்கவில்லை. கதையில் வந்து போகும் சிவனடியார் உண்மையில் யார் என்ற மர்மத்தை நம்பியே கதை நிற்கிறது. அதுவோ முதல் பாகத்திலேயே ஊகித்துவிடக் கூடியது. ‘சிவகாமியின் சபதம்’ பிறகு எழுதப்பட்டது, ஆனால் கதைப்படி முந்தையது. இரண்டையும் படிக்க எண்ணுபவர்கள் இதை முதலில் முடித்துவிடுங்கள், அந்தக் கொஞ்ச மர்மமாவது மிஞ்சும்.

ஜூன் 12

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, 1977. ‘சாயாவன’த்துக்கு அடுத்த இடம் இதற்கு. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரன். வெளியே நிஜாமுக்கு ஆதரவான ஆயுதப் படையான ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்த காலம்.

‘அவன்’ என்று போகும் கதை திடீரென ‘நான்’ என்று மாறும், பிறகு திரும்பும். அச்சுப் பிழை இல்லை. ஆசிரியர் வேண்டுமென்றே செய்தது. மாறும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போனால், எந்த நேரத்தில் சந்திரசேகரன் தன்னையே தள்ளி நின்று பார்க்கிறான் என்பது தெரியும். நடை எளிது. மணிக்கு 35 பக்கம் போகும். கடைசி அத்தியாயத்துக்கு முன் மட்டும் நிறுத்தி, அதை மறுநாள் காலையில் தனியாகப் படியுங்கள். அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு நூல் எதையும் தொடங்க வேண்டாம்.