தொண்ணூறின் அடியில் 8191

எனக்கு மிகவும் பிடித்த முதன்மை எண் 8191. பத்தின் அடியில், அதாவது வழக்கமாக எண்களை எழுதும் முறையில், பார்த்தால் அதில் ஒரு விசேடமும் தெரியாது. துவிதத்தில், அதாவது இரண்டின் அடியில், எழுதினால் பதின்மூன்று ஒன்றுகள் வரிசையாக வரும். இரண்டின் பதின்மூன்றாம் வலுவில் ஒன்று குறைவு, அவ்வளவுதான்.

இனி 90-ஐ அடியாக எடுங்கள். 8191-ஐ 90-ஆல் வகுத்தால் ஈவு 91, மீதி 1. அந்த 91-ஐ வகுத்தால் ஈவு 1, மீதி 1. கடைசி ஈவும் 1. ஆக 111! யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எடுக்கும் ரியூசன் வகுப்பில் இதைப் பலகையில் செய்து காட்டியபோது, பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் கேட்டான்: “சேர், தேடினா எந்த எண்ணுக்கும் இப்பிடி ஒரு அடி கிடைக்கும்தானே?”

நல்ல கேள்வி. இரண்டு ஒன்றுகள் போதுமென்றால் கிடைக்கும். 8190-இன் அடியில் 8191 வெறும் 11. இரண்டைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அப்படித்தான். ஆனால் குறைந்தது மூன்று ஒன்றுகள் வேண்டும், அதுவும் இரண்டு வெவ்வேறு அடிகளில் என்று கேட்டால், இன்றுவரை தெரிந்தவை இரண்டே இரண்டு: 31, 8191. முப்பத்தொன்று துவிதத்தில் 11111, ஐந்தின் அடியில் 111. இரண்டும் முதன்மை எண்கள் என்பது இன்னும் அழகு.

ஒன்றுகளாலேயே ஆன எண் முதன்மை எண்ணாக வருவது லேசில்லை. 1111-ஐ எந்த அடியில் வாசித்தாலும் அது 11 × 101 தான். பத்தில் 1111, துவிதத்தில் 3 × 5 = 15. அடியை மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது. ஒன்றுகளின் எண்ணிக்கையும் முதன்மையாக இருக்க வேண்டும், இருந்தாலும் போதாது. துவிதத்தில் பதினொரு ஒன்றுகள் என்றால் 2047, அது 23 × 89.

சரி, 90 எங்கிருந்து வந்தது? ஓர் அடியில் 111 என்றால், அந்த அடியையும் அடுத்த எண்ணையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுவது. 8190 = 90 × 91. 30 = 5 × 6. இதை நாலால் பெருக்கி ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: நிறைவர்க்கம் வரும். 8190-இலிருந்து 32761 வரும், அது 181-இன் வர்க்கம். 181 என்பது 90-உம் 91-உம் சேர்ந்தது. அதே 32761, இரண்டின் பதினைந்தாம் வலுவில் ஏழு குறைந்த எண்.

இந்த இடத்தில்தான் ராமானுஜன் வருகிறார். இரண்டின் வலுவிலிருந்து ஏழைக் கழித்து நிறைவர்க்கம் கிடைப்பது 3, 4, 5, 7, 15 ஆகிய வலுக்களில் மட்டும்தானா என்பது 1913-இல் அவர் எழுப்பிய கேள்வி. ஆம் என்று 1948-இல் நிறுவியவர் நோர்வேக்காரர் நாகெல். முதல் மூன்று வலுக்களில் இரண்டைவிடப் பெரிய அடி கிடைக்காது. ஏழாம் வலு 31-ஐத் தருகிறது, பதினைந்தாம் வலு 8191-ஐத் தருகிறது. ஆகவே துவிதத்தில் முழுக்க ஒன்றுகளாக இருந்து வேறோர் அடியில் 111 ஆகும் எண் இனி ஒன்றுகூட வராது. எங்கள் வகுப்புகளில் அடி மாற்றும் கணக்கைச் செய்வித்து விட்டுவிடுகிறோம். அதிலிருந்து ராமானுஜனிடம் போக ஒரு பக்கம் போதும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

எல்லா அடிகளுக்கும் சேர்த்து, 31-உம் 8191-உம் தவிர வேறில்லை என்பது பெல்ஜியத்தின் கூர்மாக்டிக் 1917-இல் முன்வைத்த ஊகம். அது இன்னும் நிறுவப்படவில்லை.