கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை

2007 ஆகஸ்டில் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் போய் இறங்கியபோது, 'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இரண்டு. ஒன்று, ஓடுவது. இன்னொன்று, சச்சின் எடுப்பது. கோயமுத்தூரில் பள்ளி, கல்லூரி, வேலைக்கான நேர்காணல் எல்லாவற்றையும் இந்த இரண்டை வைத்தே ஒப்பேற்றியிருந்தேன். மூன்றாவது ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் குடியிருந்தது ஒரு வீட்டின் மாடி அறை. கீழே வீட்டுக்காரம்மா. எழுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற செவிலி, இரண்டு முழங்கால்களிலும் வலி. மாடிப்படி ஏற மாட்டார். கீழேயிருந்தே குரல் கொடுப்பார். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் லண்டன் தலைமை அலுவலகத்தில் எனக்கு ஒரு கூட்டம். காலை ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றதும், "ஐ வில் ரன் யூ டு த ஸ்டேஷன்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஷெஃபீல்டு முழுக்க மேடும் பள்ளமும். ரயில் நிலையம் இருப்பது பள்ளத்தில். போகும்போது இறக்கம்தான், எப்படியோ சமாளித்துவிடுவார். திரும்பி ஏறும்போது அந்த முழங்கால்கள் என்ன பாடுபடும்? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? மனது புண்படுமே. லண்டன் மாரத்தானில் தலை நரைத்தவர்கள்கூட ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இந்த ஊர்க் கிழவிகளைக் குறைத்து எடை போடக் கூடாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட முடியாதென்று, இஸ்திரி போட்ட சட்டையையும் கால்சட்டையையும் முதுகுப் பைக்கு மாற்றினேன். கான்வாஸ் ஷூவின் நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டேன். காலை ஆறே காலுக்கு வாசலில் நின்று, உடற்கல்வி ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டு எழுந்துகொண்டிருந்தேன்.

கம்பளிக் கோட்டும் கைப்பையுமாக அவர் வெளியே வந்தார். கையில் கார்ச் சாவி. என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"அலுவலகத்துக்குத்தானே போகிறாய்?"

"ஆமாம்."

"சரி, ஏறு."

ஏறினேன். காரில் கொண்டுபோய் விடுவதற்கும் ரன்தான் என்பது சீட் பெல்ட் மாட்டும்போது புரிந்தது. தோல் ஷூ கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்பது ரயில் கிளம்பிய பிறகுதான் புரிந்தது. அன்றைய கூட்டத்தில் கறுப்புக் கால்சட்டைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து இழுத்து வைத்ததில் மாலைக்குள் தொடை பிடித்துக்கொண்டது. ஓடியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இதோடு நின்றிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் அணிக்குக் கிரிக்கெட் ஆடுபவர். அந்தக் கோடையில் திராவிட் தலைமையில் நம் அணி இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரை வென்றிருந்ததால், எனக்கும் அவருக்கும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேச நிறைய இருந்தது. ஒரு திங்கட்கிழமை வீட்டுக்காரம்மா, "பாவம், அவருக்கு ரன்ஸ்" என்று ஏதோ சொன்னார். 'பாவம்' என் காதில் விழவில்லை. ரன்ஸ் மட்டும் விழுந்தது. மாலையில் அவர் வெளிறிய முகத்தோடு கதவைத் திறந்ததும், "வாழ்த்துகள்! எத்தனை?" என்று கை நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. சற்று யோசித்துவிட்டு, "காலையிலிருந்து ஒன்பது" என்றார்.

ஒற்றை இலக்கத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டோமே என்று நான் சங்கடப்படுவதற்குள், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே விரைந்துவிட்டார். நம் ஊரில் வயிற்றோட்டம் என்று சொல்கிறோமே, அதே ஓட்டம்தான். இரண்டு மொழிக்காரர்களும் கலந்து பேசாமலே அந்த உபாதைக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அனுபவம் அப்படி.

அதன் பிறகு எனக்குப் பாடம் நடத்துவதை வீட்டுக்காரம்மா தம் பொறுப்பாக்கிக்கொண்டார். பால் தீர்ந்தால் ரன் அவுட். யாரும் ஸ்டம்பைத் தகர்க்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் தெரிந்தவரைத் தற்செயலாகப் பார்த்தாலும் ரன், அவர் மேல் காரை ஏற்றினாலும் ரன். நடுவில் வரும் சின்னச் சொல்தான் வித்தியாசம், அதை மாற்றிச் சொன்னால் போலீஸ் வரும். மூக்கு ஒழுகினால் ரன். குளிக்கத் தொட்டியில் நீர் நிரப்பினால் ரன். மஞ்சள் கரு வழிகிற அரைவேக்காட்டு முட்டைக்கு ரன்னி. கொல்லையில் கழியைக் கட்டிக்கொண்டு சிவப்புப் பூவோடு நின்றிருந்த அவரைக் கொடிக்கு ரன்னர் பீன்ஸ். நான் இருந்தவரை அது எங்கும் ஓடவில்லை.

அந்தச் செப்டம்பரில் நார்தர்ன் ராக் என்ற வங்கிக்கு நெருக்கடி என்று செய்தி பரவி, போட்ட பணத்தை எடுக்க மக்கள் கிளைகளின் வாசலில் திரண்டார்கள். பிரிட்டனில் அப்படி நடந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். பத்திரிகைகள் எல்லாம் அதை 'ரன்' என்றே எழுதின. படத்தில் பார்த்தால் தெருக்கோடி வரை வரிசை, எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள். "இதில் யார் ஓடுகிறார்?" என்று கேட்டேன். "பணம்" என்றார் வீட்டுக்காரம்மா. அமெரிக்காவில் ஒபாமா அதிபர் பதவிக்கு 'ரன்' பண்ணுவதாகச் செய்தி வந்தபோது, வீட்டுக்காரம்மாவே சற்றுப் பெருமையாக, "அவர்கள்தான் ஓடுவார்கள். நாங்கள் தேர்தலில் நிற்போம்" என்றார். நாங்களும் நிற்பவர்கள்தான் என்றேன். நின்று ஜெயித்த பிறகு சிலர் ஓடிவிடுவதைச் சொல்லவில்லை. வெளிநாட்டில் சொந்த ஊர் மானம் முக்கியம்.

இப்படியே நான் மாணவனாக இருந்திருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். நவம்பரில் ஒரு நாள் அம்மா கூடத்துத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். "பாப்பாவுக்கு வரன் அமைந்துவிட்டது, கண்ணு. தையில் கல்யாணம் வைக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை."

வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். ஊரில் என்ன செய்தி என்று கேட்டார் வீட்டுக்காரம்மா. மூன்று மாதம் கற்ற வித்தையைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. என் அம்மாவுக்குக் கைகள் ரன் ஆகவில்லை, கால்களும் ஆகவில்லை என்று அழுத்தம் திருத்தமாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஊற்றிக்கொண்டிருந்த தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தார். "எப்போதிலிருந்து?"

"இன்று காலையிலிருந்து."

"பேச முடிகிறதா?"

"நிறுத்தாமல் பேசுகிறார்."

"முகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறதா?"

"தொலைபேசியில் எப்படித் தெரியும்? சந்தோஷத்தில் இருக்கிறார். தங்கைக்குக் கல்யாணம்."

நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்த பெண்மணி. என் தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தி, உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல், பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் முக்கியம் என்றார். அதற்குள் சர்க்கரை தூக்கலாகப் போட்டு என் கையில் தேநீரையும் திணித்துவிட்டார். அம்மா படபடப்பில் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார், அவ்வளவுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். "அப்படியானால் சாதாரண நாளில் உங்கள் ஊரில் கைகள் ஓடுமா?"

அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் அப்பா வேலை பார்த்த நூற்பாலை மூன்று ஷிஃப்ட் ஓடும். படம் நூறு நாள் ஓடும். பேனா ஓடும், மின்விசிறி ஓடும், கடிகாரம் நின்றுவிட்டாலும் காலம் ஓடும். மனதுக்குள் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்த சம்பளத்திலும் குடும்பம் ஓடும், ஓட்டுவது அம்மா. வியாபாரம் இல்லாத கடையில் முதலாளி ஈ ஓட்டுவார். கடைசியாகச் சொன்னதில் அவர் நின்றுவிட்டார். ஈயை எதில் பூட்டி, எங்கே ஓட்டுவார்கள் என்று கேட்டார். விரட்டுவது என்று சொல்லியிருக்கலாம். கான்வாஸ் ஷூ ஞாபகம் வந்ததால் சொல்லவில்லை.

நான்கு வருடம் கழித்து, ஊருக்குத் திரும்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு தபால். உள்ளே பத்திரிகைத் துணுக்கு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்தில், ரன் என்ற வினைச்சொல் ஒன்றுக்கு மட்டும் 645 பொருள் கணக்காகியிருக்கிறதாம். 1989 பதிப்பில் முதலிடத்தில் இருந்த 'செட்' பின்னுக்குப் போய்விட்டது. ரன்னை மட்டும் எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்திருக்கிறது.

"ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதமா?" என்றார் அம்மா. "பிள்ளையே பெற்றுவிடலாமே!"

துணுக்கின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது. உன் அம்மாவின் கைகளும் கால்களும் இப்போது ஓடுகின்றனவா என்று விசாரித்திருந்தார். படித்துச் சொன்னேன். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்கவே முடியவில்லை, எங்கே ஓடுவது என்று எழுது."