அதே செவ்வாய்க்கிழமை, மறுபடியும்

“இதே வாழ்க்கையைத் திரும்ப வாழச் சம்மதமா?” என்று மாமாக் கடை மேசையில் கேட்டுப் பாருங்கள். “ஓ, வாழலாமே. அந்தக் கார் லோன் மட்டும் வேண்டாம்லா” என்று யாராவது சொல்வார்கள். அந்த ‘மட்டும்’ வந்ததுமே ஆட்டம் முடிந்தது.

ஜெர்மன் தத்துவஞானி நீட்சேவுக்கு இந்த எண்ணம் தோன்றியது 1881 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தின் சில்வாப்ளானா ஏரிக்கரையில். அடுத்த ஆண்டு அச்சில் வந்தது: தனித்திருக்கும் இரவில் ஒரு பூதம் வந்து, நீ வாழ்ந்ததெல்லாம் எண்ணற்ற தடவை, அதே வரிசையில், புதிதாக ஒன்றும் சேராமல் திரும்ப வரும் என்கிறது. மரங்களுக்கிடையே விழும் நிலவொளியும், அங்கிருக்கும் சிலந்தியும்கூட. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட் என்றால் டியூப் லைட்டும் அதன் பின்னால் ஒளியும் பல்லியும்.

செய்து பார்க்க ஒரு சாதாரண வேலைநாளை எடுங்கள். கல்யாண நாள், சாவு விழுந்த நாள் வேண்டாம். அவை கணக்கைச் சாய்த்துவிடும். அரைமணிக்கு ஒரு வரி, மொத்தம் 48 வரி. ஃபெடரல் ஹைவே ஜாமுக்கே மூன்று போய்விடும். அழிக்கத் தோன்றும் வரிக்குப் பக்கத்தில், அதை அழித்தால் கூடவே எது போகும் என்று எழுதுங்கள். பிடிக்காத அந்த வேலை இல்லையென்றால் அந்த எல்ஆர்டி ரயில் பயணம் இல்லை. அந்தப் பயணம் இல்லையென்றால் இன்று வீட்டில் ஓடுகிற பிள்ளையும் இல்லை. ரப்பரைக் கீழே வைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

வழக்கமாகச் சறுக்கும் இடம், “போரடிக்குமே” என்பது. போரடிக்காது. முந்தைய சுற்றின் நினைவு இருந்தால் இது வேறு வாழ்க்கை ஆகிவிடும், அதே வாழ்க்கை ஆகாது. அப்படியானால் எத்தனை தடவை வந்தால்தான் என்ன என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் பூதம் நம்மைப் பிடிப்பது அடுத்த சுற்றில் இல்லை, பதில் சொல்லும் இந்த நிமிடத்தில்.

இன்னொன்றுக்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நம் சுற்று திரும்பினால் அம்மாவின் டயாலிசிஸ் நாட்களும் திரும்பும். அவர் சார்பில் ‘சரி’ சொல்ல நாம் யார்?

உலகம் உண்மையிலேயே அப்படிச் சுழலுமா என்பதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரே அச்சில் மூன்று சக்கரம். வேகம் 1, 2, 1/π. புறப்பட்ட நிலைக்கு மூன்றும் சேர்ந்து ஒருபோதும் திரும்பாது, ஏனென்றால் π விகிதமுறா எண். 1907-இல் ஜெர்மன் தத்துவஞானி சிம்மல் காட்டிய கணக்கு இது. உலகில் உள்ள பொருளுக்கு அளவுண்டு, காலம் முடிவற்றது, ஆகவே எல்லாம் திரும்பியே தீரும் என்ற வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நம் பிறவிச் சுழலை இதோடு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. புல், பூடு, புழு, மரம் என்று மாணிக்கவாசகர் அடுக்குவது வேறு வேறு பிறப்புகளை, அதில்தான் இளைத்துப்போகிறார். காரைக்கால் அம்மையார் பிறவாமை கேட்கிறார், பிறந்தே ஆகவேண்டுமென்றால் சிவனை மறவாமை. பூதம் தர மறுப்பதும் ஒரு மறவாமையைத்தான், முந்தைய சுற்றை மறவாமையை! அப்பர்தான் வேறு பக்கம் நிற்கிறார்: தில்லையில் எடுத்த பொற்பாதம் காணக் கிடைத்தால் மனிதப் பிறவியும் வேண்டுவதே என்கிறார். ஒரு காட்சிக்காக முழுப் பிறவிக்கும் சம்மதம். பூதத்திடம் “நீ தெய்வம்” என்று சொல்ல வைக்கும் ஒரு பெருங்கணம் உனக்கு வாய்த்ததா என்று நீட்சே கேட்பதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

ஆகவே தாளைத் திரும்ப எடுங்கள். மற்ற 47-ஐயும் சுமக்க வைக்கும் ஒரு வரி அதில் இருக்கிறதா பாருங்கள். பெரிதாக ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. இரவு 10:30, தே தாரிக், நுரை அடங்கியாயிற்று, எதிரே இருப்பவர் இன்னும் எழுந்து போகவில்லை.