மதிப்பெண் பதிவேடும் வருகைப் பதிவேடும்

நீலகிரி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து பந்தலூர் செல்லும் சாலையை விட்டு உள்ளே விலகி, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு சிறிய மாற்றுப் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். பொதுத்தேர்வு எழுதும் வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால் எங்களுக்கு அது பெரிய வகுப்பு. தேர்வு முடிவு வந்ததும் நிர்வாகக் குழுவுக்கு ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுப்பது என் பொறுப்பு: ஒரு பக்கம் மாணவரின் சமூகப் பிரிவு, மறுபக்கம் தேர்ச்சியும் சராசரி மதிப்பெண்ணும். பழங்குடியினர் என்ற வரிசையில் சராசரி பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் குறைவு என்று யாராவது சொல்வார்கள். நானும் மறுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்த அட்டவணையின் முதல் கோளாறு அந்த ஒற்றை வரிசைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 1.1 சதவீதம், நீலகிரி மாவட்டத்தில்கூட 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரும்பாலான பள்ளிகளில் ஏறக்குறைய காலியாக இருக்கும் அந்த வரிசையில், எங்கள் பள்ளியின் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள். சொந்த நிலத்தில் பயிர் செய்யும் முள்ளுக்குறும்பர் வீட்டுப் பெண்ணும், 1976இல் கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகும் நிலம் கைக்கு வராமல் கூலி வேலைக்குப் போகும் பணியர் வீட்டுப் பையனும், தேனும் காட்டுப் பொருளும் சேகரிக்கும் காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒரே எண்ணாகிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் கல்லூரியில் படிக்கிறான். அந்தப் பையன் தன் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவன். இவர்கள் இருவரின் மதிப்பெண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண் இருவரில் ஒருவரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

அதே வகுப்பில், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் வறுமைக்குக் குறைவில்லை. ஆயினும் பாடநூலின் தமிழ் அவர்கள் வீட்டுத் தமிழுக்கு அருகில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி பணிய மொழியாகவோ, குறும்பர் மொழியாகவோ, மலையாளமாகவோ இருக்கிறது. ஏழாம் வகுப்பில் தனிவட்டிக் கணக்கு நடத்தியபோது, மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி கேள்வித்தாளின் ஓரத்தில் கூடை ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். மலையாளத்தில் வட்டி என்றால் கூடை என்ற பொருளும் உண்டு. நாம் சொல்லும் வட்டிக்கு அங்கே பலிச என்று பெயர். பெருக்கலும் வகுத்தலும் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவள் பெற்றது சுழியம், அதைப் போட்டது என் கைதான்.

இன்னும் கனமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர் எழுதும் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி 100இலிருந்து 91.67க்கு இறங்கிவிடும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பதற்காக, கணிதத்தில் பின்தங்கிய ஒரு பணியர் பெண்ணை அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி நிறுத்தி வைத்தோம். அதை அவளுடைய அம்மாவிடம் போய்ச் சொன்னவள் நான். அடுத்த ஆண்டு அவள் வரவில்லை. கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அந்தப் பள்ளி அவ்வாண்டு முழுத் தேர்ச்சி காட்டியது.

இங்கே வந்த பிறகு, சராசரியை ஒதுக்கிவிட்டு மாதிரித் தேர்வு விடைத்தாள்களை இயல் வாரியாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். தாழ்ந்த மதிப்பெண் பெற்றவர்களில் பலர் முக்கோணவியலிலும் அளவியலிலும் தடுமாறவே இல்லை. உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும் ஆகிய முதல் இரண்டு இயல்களில்தான் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. முக்கோணவியலை எழுதத் தெரிந்தவர்களுக்குக் கூட்டுத்தொடர் வராமல் போவது எனக்குப் புரியவில்லை. வருகைப் பதிவேட்டை அருகில் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தபோது விடை கிடைத்தது. அந்த இயல்களை நாங்கள் நடத்துவது ஜூனிலும் ஜூலையிலும். தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கத்து ஓடைகளை நிரப்புவதும் அதே மாதங்களில்தான். மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாள்கள் எல்லோருக்கும் பொது. விடுமுறை இல்லாத நாள்களிலும் ஓடைக்கு அப்பால் இருக்கும் காலனிப் பிள்ளைகளால் வர முடிவதில்லை. வழியில் யானை நின்றால் அந்தக் காலையும் போயிற்று.

ஒரு பையனின் வீட்டுக்கு விசாரிக்கப் போனபோது அவனுடைய அம்மா, “தண்ணி வடியட்டும் டீச்சரே, அனுப்பி விடுறேன். அவனுக்கு ஸ்கூல்னா உசுரு” என்றார். பள்ளி திறந்த நாளில் கொடுத்த கணக்கு நோட்டை, நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூரைக்கடியில் செருகி வைத்திருந்தான்.

அதன்பின் பாட வரிசையை மாற்றினோம். மழை மாதங்களில் வருபவர்களைக் கொண்டு செய்முறைப் பயிற்சிகளும் கீழ்வகுப்புப் பாடங்களின் மீள்பார்வையும் நடத்துகிறோம். முதல் இரண்டு இயல்களைச் செப்டம்பருக்குப் பிறகு எடுக்கிறோம். காப்பி பறிப்பும் மிளகு பறிப்பும் தொடங்கினால் சில பிள்ளைகள் மறுபடியும் குறைவார்கள் என்பதால், அதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு இருந்துகொண்டே இருக்கிறது. இதனால் எல்லோரும் தேறிவிடுவதில்லை. மார்ச் மாதத்துக்குள் ஆயத்தமாக முடியாதவர்களைத் தேசிய திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குப் பதிவு செய்கிறோம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் அதில் உண்டு, ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம். அப்படி எழுதுபவர்களின் பெயரையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சமூகப் பிரிவு என்ற பத்தியை நான் எடுத்துவிடவில்லை. உதவித்தொகைக்கும் சாதிச் சான்றுக்கும் அது வேண்டும், அந்தச் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்திருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். அதை ஒட்டி மூன்று பத்திகளைச் சேர்த்திருக்கிறேன்: வீட்டில் பேசும் மொழி, வீட்டில் இதற்கு முன் பத்தாம் வகுப்பு வரை படித்தவர் உண்டா, வரும் வழியில் ஓடை உண்டா. இந்த ஆண்டு சேர்க்கையின்போது மூன்றாம் பத்தியில் ஏழு பேருக்கு ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறேன். அவர்களில் நான்கு பேருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடுதியில் இடம் பார்த்தாகிவிட்டது. மீதி மூன்று பேருக்காக அந்தக் காலனியிலேயே மாலை வகுப்பு நடத்த ஒரு திண்ணை கேட்டிருக்கிறேன்.